விக்ரம்: 36 வருஷம் கழித்து வந்த ரிப்பீட் ஆர்டர்

ரீபூட் என்கிற வார்த்தையை சினிமாக்காரர்கள் எங்கள் துறையிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போனார்கள். போனது சரி, பாதி அர்த்தத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு கம்ப்யூட்டரை ரீபூட் செய்தால் ராம் எனப்படும் தற்காலிக நினைவகத்தில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஆனால் ஹார்டு டிஸ்கில் இருப்பது அப்படியே இருக்கும். ஆயிரம் முறை அணைத்துப் போட்டாலும் பழைய ஃபைல் பழைய இடத்தில்தான் கிடக்கும்.

சினிமாவுக்கு ஹார்டு டிஸ்க் எது? பார்க்கிறவன் மண்டைதான். "பழசை மறந்துடுங்க, முதல்ல இருந்து ஆரம்பிக்கிறோம்" என்று ஸ்டுடியோ சொல்லலாம். நமக்கு மறக்காது. 2002-ல் சாம் ரைமி எடுத்த ஸ்பைடர்மேனில் சிலந்தி கடித்ததைப் பார்த்தோம், பென் மாமா சாவதைப் பார்த்தோம். சரியாகப் பத்தே வருஷத்தில், 2012-ல், 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' என்று புது நடிகரைப் போட்டு மறுபடி சிலந்தியைக் கடிக்க விட்டார்கள், மறுபடி மாமாவைக் கொன்றார்கள். ஆண்ட்ரூ கார்ஃபீல்டும் எம்மா ஸ்டோனும் பேசிக்கொள்கிற காட்சிகள் பழைய படங்களைவிட உயிரோடு இருந்தன, அதை மறுக்க முடியாது. ஆனால் முதல் ஒரு மணி நேரம் ஏற்கெனவே படித்த பாடத்துக்கு ரிவிஷன் எழுதுகிற மாதிரி இருந்தது. அதனால்தான் 2017-ல் 'ஹோம்கமிங்' எடுத்தபோது சிலந்தி கடிப்பதையே காட்டாமல் நேராகக் கதைக்குள் போய்விட்டார்கள். ஹார்டு டிஸ்கில் இருப்பதை மறுபடி ஏன் காப்பி பண்ண வேண்டும்?

சரி, தமிழில் இதற்குச் சமமான கேஸ் எது என்று யோசித்தால் கொஞ்சம் சிக்கல் வருகிறது. இங்கே டிரஸ் போட்ட சூப்பர் ஹீரோ ஒட்டவே இல்லை. அதே 2012-ல் ஆகஸ்ட் 31 அன்று மிஷ்கினின் 'முகமூடி' வந்தது. ஜீவாவுக்குக் குங்ஃபூ, கறுப்பு உடை, மேலங்கி எல்லாம் இருந்தது, படம் நிற்கவில்லை. நம்ம ஊரில் ஹீரோவுக்குச் சக்தி உடையில் இருந்து வருவதில்லை, டைட்டில் கார்டில் வருகிற பேரில் இருந்து வருகிறது. ஏற்கெனவே பறக்கிற ஆளுக்கு எதுக்கு இறக்கை? (மலையாளத்தில் 2021-ல் வந்த 'மின்னல் முரளி' விதிவிலக்கு. அந்த ஹீரோ ஒரு டெய்லர், தன் டிரஸ்ஸைத் தானே தைத்துக்கொள்கிற ஆள். பனியன் ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு அதில் தனிப் பிரியம் உண்டு.)

ஆக, தமிழில் உண்மையான ரீபூட் என்றால் நான் 'விக்ரம்' படத்தைத்தான் சொல்வேன். 1986-ல் ஒன்று, 2022 ஜூன் 3-ல் ஒன்று. 'பில்லா'வைச் சொல்லலாமே என்பீர்கள். 1980-ல் ரஜினி, 2007-ல் அஜித். ஆனால் அது அதே பேட்டர்னை விலை உயர்ந்த துணியில் தைத்தது. கதை கிட்டத்தட்ட மாறவில்லை. 'விக்ரம்' அப்படி இல்லை. அது கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆளை மட்டும் வைத்துக்கொண்டது.

விக்ரம் சூப்பர் ஹீரோவா என்று கேட்டால், 2022 படத்தின் பாகங்களைப் பிரித்து மேசையில் வைத்துப் பாருங்கள். முகமூடி போட்டுக்கொண்டு கொலை செய்து வீடியோ வெளியிடும் குழு. பகலில் குடிகாரன், இரவில் வேறு ஆள் என்று ஒருவருக்கு இரட்டை அடையாளம். ரகசியப் பதுங்கிடம், ஆயுதக் கிடங்கு. ஒரு மாத்திரையைக் கடித்தவுடன் அடி தாங்கும் சக்தி வந்துவிடுகிற வில்லன். ஓய்வு பெற்ற பழைய ஏஜென்ட்டுகள் மறுபடி ஒன்று சேர்வது. எல்லாம் காமிக்ஸ் சாமான்தான். கேப் மட்டும் கிடையாது.

இனிமேல் கதை முழுக்கச் சொல்லப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

எங்கள் ஊர்ப்பக்கம் ரிப்பீட் ஆர்டர் என்று ஒன்று உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் கப்பல் ஏறின ஒரு டி-ஷர்ட்டை பையர் மறுபடி கேட்பார். அதே ஸ்டைல், அதே லேபிள். கேட்க சுலபமான வேலை மாதிரி இருக்கும். ஆனால் அன்றைக்கு வாங்கின நூல் இன்றைக்குக் கிடைக்காது. டையிங்கில் அதே ஷேடு விழாது. துணி துவைத்தபின் சுருங்குகிற அளவு மாறியிருக்கும். பழைய பேட்டர்னை அப்படியே வைத்து வெட்டினால் மீடியம் சைஸ் ஸ்மால் ஆகிவிடும். அனுபவமுள்ள மெர்ச்சண்டைசர் முதலில் கேட்பது இதுதான்: "அந்த பீஸ்ல பையருக்குப் புடிச்சது எதுங்க? கலரா, ஃபிட்டிங்கா, துணியோட கனமா?" அது தெரிந்தால் மற்றதை மாற்றிக்கொள்ளலாம். தெரியாவிட்டால் ஏதாவது ஒன்றை மாற்றப்போய், பிடித்ததே போய்விடும்.

சாஃப்ட்வேரிலும் இதே கதை. ஃபாக்ஸ்ப்ரோ காலத்துப் புரோகிராமை வைத்துக்கொண்டு பல வருஷம் ஓட்டிய கம்பெனிகள் உண்டு. கடைசியில் கூப்பிட்டு, "எல்லாத்தையும் புதுசா பண்ணிருங்க, ஆனா ரிப்போர்ட் மட்டும் பழைய மாதிரியே வரோணும்" என்பார்கள். ரசிகனும் இதையேதான் கேட்கிறான்.

பழைய 'விக்ரம்' படத்தில் பிடித்தது எது?

அந்தப் படத்தை இன்றைக்கு முழுசாகப் பார்ப்பது சிரமம். நான் முதலில் பார்த்தது 90-களில் கேபிள் டிவியில். இயக்கியவர் ராஜசேகர், முந்தின வருஷம்தான் கமல், சத்யராஜ் இருவரையும் வைத்து 'காக்கி சட்டை' எடுத்திருந்தார். கதை சுஜாதா. ராஜ்கமல் தயாரிப்பு, இளையராஜா இசை. 'அக்னிபுத்ரா' என்ற ஏவுகணையை சுகிர்தராஜா என்ற வில்லன் கடத்திவிடுகிறான். சத்யராஜ் பின்னியிருப்பார். மனைவியைப் பறிகொடுத்த ஏஜென்ட் விக்ரம் அதைத் தேடிப் போகிறார். கூடவே ப்ரீத்தி என்ற கம்ப்யூட்டர் நிபுணராக லிஸி. முதல் பாதி வரைக்கும் ஜேம்ஸ் பாண்ட் வேகத்தில் போகும். அப்புறம் சலாமியா என்ற கற்பனை ராஜ்யத்துக்குள் படம் நுழையும். அம்ஜத் கான் சுல்தான், டிம்பிள் கபாடியா இளவரசி, ஜனகராஜ் மொழிபெயர்ப்பாளர். அங்கிருந்து ஏவுகணை யாருக்கும் ஞாபகம் இருக்காது. உளவுப் படம் அம்புலிமாமா கதையாகிவிடும்.

ஆனாலும் அந்தப் படத்துக்கு ஒரு மண்டை இருந்தது. அது சுஜாதாவின் மண்டை. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினியராக இருந்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்குள்ளவர். இந்தியாவின் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் 1983-ல்தான் தொடங்கியது. நிஜ அக்னி முதலில் பறந்தது 1989 மே 22-ல். அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே ஒரு தமிழ் மசாலாப் படத்தில் அக்னிபுத்ரா என்று ஒரு ஏவுகணை இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள், கம்ப்யூட்டரில் வேலை செய்கிற ஒரு பெண் ஹீரோவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். 1986-ல்! எங்கள் ஊரில் பெரும்பாலான கம்பெனிகளில் அப்போது எல்லாக் கணக்கும் கைலெட்ஜரில் ஓடிக்கொண்டிருந்தது. படம் தோற்ற இடம் வேறு, படம் எட்டிப் பார்த்த இடம் வேறு.

இப்போது லோகேஷ் கனகராஜ் செய்ததைப் பார்க்கலாம்.

கோவைப் பக்கம் கிணத்துக்கடவுக்காரர். ஃபேஷன் டெக்னாலஜி படித்தவர். அதனால் அவருக்கும் ரிப்பீட் ஆர்டர் புரியும் என்று வைத்துக்கொள்கிறேன்! வெறித்தனமான கமல் ரசிகர் என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட ஒருவர் கையில் விக்ரம் என்ற பெயர் கிடைத்தால் என்ன ஆகும் என்று நினைப்போம்? பழைய படத்தின் ஒவ்வொரு ஸ்டைலையும் திரும்பக் கொண்டுவந்து கொட்டுவார், நாம் விசிலடிப்போம், அடுத்த வாரம் மறந்துவிடுவோம். அவர் நேர் எதிராகச் செய்தார். முதல் பாதியில் ஹீரோவை ஹீரோவாகக் காட்டவே இல்லை.

இந்தப் படத்தின் ஆகப் பெரிய பலம் இதுதான், இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே பேசலாம். படம் ஆரம்பிக்கும்போதே கர்ணன் என்ற நடுத்தர வயது ஆசாமியை முகமூடிக் கும்பல் கொன்றுவிட்டதாக ஒரு வீடியோ. யார் இந்தக் கர்ணன், போலீஸ் அதிகாரிகளோடு சேர்த்து இவரை எதற்குக் கொல்ல வேண்டும் என்று ஃபகத் ஃபாசில் விசாரிக்கிறார். ஒருவர் சொல்கிறார் குடிகாரன் என்று. இன்னொருவர் சொல்கிறார் பெண்பித்தன் என்று. வேறொருவர் போதைக்கு அடிமை என்கிறார். பேரக்குழந்தை மேல் உயிரையே வைத்திருந்தவர் என்றும் ஒரு தகவல் வருகிறது. ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

பக் பிடிக்கிற வேலை செய்தவர்களுக்கு இந்த உணர்வு நன்றாகத் தெரியும். ஐந்து யூசர் ஐந்து விதமாகப் புகார் சொல்வார்கள். "ரிப்போர்ட் வரல", "வருது ஆனா தப்பா வருது", "காலைல சரியா இருந்துச்சு". எல்லாரும் உண்மையைத்தான் சொல்வார்கள், ஆனால் யாரும் பார்த்திராத ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும். ஃபகத் அந்த விசாரணையை ஒரு நல்ல டீபக்கர் மாதிரி செய்கிறார். இடைவேளையில் உண்மை தெரியும்போது நமக்கு வருகிற சந்தோஷம் கமலைப் பார்த்த சந்தோஷம் மட்டும் இல்லை. அத்தனை முரண்பட்ட சாட்சியங்களும் ஒரே நொடியில் ஒரே ஆளாகச் சேர்ந்துகொள்கிற சந்தோஷமும்தான்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. 1986-ல் வாலிபனாக இருந்த ஆள் 2022-ல் தாத்தா. ஹாலிவுட் ரீபூட் பெரும்பாலும் வயதை அழித்துவிடும். 'பேட்மேன் பிகின்ஸ்' 2005-ல் புரூஸ் வேனை மறுபடி இளைஞனாக்கியது, 'கேசினோ ராயல்' 2006-ல் பாண்டை முதல் வேலைக்கு அனுப்பியது. அங்கே ஆக்டரை மாற்றலாம். இங்கே விக்ரம் என்றால் கமல், மாற்ற முடியாது. அந்தக் கட்டுப்பாட்டையே லோகேஷ் பலமாக்கிக்கொண்டார். 80-களில் அரசாங்கம் உருவாக்கிய ரகசியப் படை, பிறகு அதே அரசாங்கம் கைகழுவி வேட்டையாடிய படை, அதில் மிஞ்சிய ஆட்கள் இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாமல் வாழ்ந்திருக்கிறார்கள். சலாமியா, சுல்தான், இளவரசி எதைப் பற்றியும் ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. நடந்ததா இல்லையா என்றுகூடச் சொல்வதில்லை. பழைய படத்தைப் பார்த்தவனுக்கு அந்த 36 வருஷம் ஹார்டு டிஸ்கிலிருந்து தானாக ஏறிக்கொள்கிறது. பார்க்காதவனுக்கு எதுவும் குறையவில்லை. லெகசி சிஸ்டத்தை மாற்றுகிறவர்கள் எல்லாரும் ஆசைப்படுவது இதற்குத்தான்: பழைய டேட்டா வேண்டும், பழைய கோடு வேண்டாம்.

இதன் அருமை தெரிய வேண்டும் என்றால் 2024 ஜூலையில் வந்த 'இந்தியன் 2' படத்தைப் பக்கத்தில் வையுங்கள். அதே கமல், அதே மாதிரி பல வருஷம் கழித்துத் திரும்புதல். 1996-ல் சேனாபதி ஜெயித்ததற்குக் காரணம் வர்மக்கலை இல்லை. லஞ்சம் வாங்கின சொந்த மகனையே கொல்லத் துணிந்த அப்பா என்கிற முடிச்சு. இரண்டாம் பாகம் வர்மத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது, முடிச்சை விட்டுவிட்டது. கணக்குப் பார்த்தால் நூறு வயது தாண்டின ஆள், ஆனால் அந்த நூறு வருஷம் படத்தில் எங்கேயும் கனக்கவில்லை. பையருக்குப் பிடித்தது எது என்று கேட்காமலே வெட்டின துணி அது.

அடுத்த விஷயம் 'கைதி'. 2019 தீபாவளிக்கு வந்த அந்தப் படத்தின் போதைப்பொருள் வழக்கும், நரேன் நடித்த பிஜாய் பாத்திரமும் (முகமூடியில் வில்லனாக வந்த அதே நரேன்தான்) 'விக்ரம்' கதைக்குள் வந்து சேர்கின்றன. கடைசியில் சூர்யா ரோலெக்ஸாக வந்து சில நிமிஷங்களில் தியேட்டரைக் கிழித்துவிட்டுப் போனார். அந்தச் சந்தோஷத்தில் கமல் அவருக்கு ரோலெக்ஸ் வாட்சே பரிசாகக் கொடுத்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருக்கிறது. விக்ரமின் கதை முடிகிற இடத்தில் நம் கவனம் விக்ரமிடம் இல்லை, அடுத்த படத்துக்குப் போய்விட்டது. விஜய் சேதுபதியின் சந்தானம் எப்படிச் செத்தான் என்று கேட்டால் பலருக்கு உடனே ஞாபகம் வராது. ரோலெக்ஸ் என்ன செய்தான் என்றால் ஃபிரேம் ஃபிரேமாகச் சொல்வார்கள். அடுத்த வருஷம் வந்த 'லியோ'வில் இந்த இணைப்பு வேலை இன்னும் கொஞ்சம் வெளியே தெரிந்தது. தையல் வெளியே தெரிந்தால் எங்கள் செக்கிங் டேபிளில் அந்த பீஸ் தனியாகப் போய்விடும்.

இப்போது எனக்கு உண்மையிலேயே உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். படம் ஓடினபோது கொண்டாட்டத்தில் யாரும் இதை அதிகம் பேசவில்லை.

1986 படத்தில் ஹீரோவுக்குக் கோபம் வருவதற்காக அவர் மனைவி சாகிறார். அம்பிகா வருகிறார், பிரியமாகப் பேசுகிறார், சாகிறார், கதை நகர்கிறது. அந்தக் காலத்து வழக்கம் என்று விட்டுவிடலாம். 36 வருஷம் கழித்து எழுதின திரைக்கதையிலும் அதுவே இருக்கிறது. ஃபகத்தின் அமர் பாத்திரத்துக்கு காயத்ரி என்று ஒரு காதலி. கல்யாணம் ஆகிறது, தன் கணவன் என்ன வேலை செய்கிறான் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, பிறகு கொல்லப்படுகிறார். அமர் வில்லனுக்கு எதிராக முழுசாகத் திரும்புவதற்கு அது பெட்ரோல். சந்தானத்துக்கு மூன்று மனைவிகள். மூன்று பேரும் சேர்ந்து பேசுகிற வசனத்தை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். ஏவுகணை, இளவரசி, சலாமியா எல்லாவற்றையும் துணிந்து தூக்கி எறிந்த இயக்குநர், எறிய வேண்டிய இந்த ஒன்றை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

எறிந்ததில் ப்ரீத்தியும் போய்விட்டாள். லிஸியின் பாத்திரத்தைப் பழைய படம் நன்றாக நடத்தியது என்று நான் சொல்லவில்லை. பாதி நேரம் ஹீரோ மேல் காதல் கொண்டு சிணுங்குவதற்கும், பொறாமைப்படுவதற்கும்தான் அவளைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அவள் வேலை என்ன என்று கேட்டால் பதில் இருந்தது. கம்ப்யூட்டர் தெரிந்தவள், அது தெரிந்ததால்தான் அந்தப் பயணத்துக்கே வந்தாள். 2022 படத்தில் எல்லாரிடமும் செல்போன், எங்கும் கேமரா, எல்லா இடத்திலும் ஸ்க்ரீன். அத்தனை ஸ்க்ரீனுக்கு முன்னாலும் ஒரு பெண் இல்லை.

இது எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால், நான் தினமும் பார்க்கிற உலகம் அதற்கு நேர் எதிராக இருக்கிறது. இங்கே கம்பெனிகளில் கேட் மெஷினில் பேட்டர்ன் போடுகிறவர்கள், ஷிப்மென்ட் டாக்குமென்ட் தயார் செய்கிறவர்கள், ராத்திரி எட்டு மணிக்கு போன் பண்ணி "சார், லாட் நம்பர் ரெண்டு தடவை விழுந்திருக்கு, சர்வர்ல பாருங்க" என்று சரியான தப்பைச் சரியான இடத்தில் கண்டுபிடித்துச் சொல்கிறவர்கள், பாதிக்கு மேல் பெண்கள். பல்லடம், அவினாசி, காங்கயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். 1986-ல் ப்ரீத்தி ஒரு கற்பனை. இன்றைக்கு அவள் எங்கள் டீமில் நாலு பேர். நிஜம் கற்பனையைப் பிடித்துத் தாண்டிப் போன பிறகு, சினிமா ஒரு அடி பின்னால் எடுத்து வைத்திருக்கிறது.

இதோடு சேர்ந்து போன இன்னொன்று, அந்தப் பழைய ஆர்வக்கோளாறு. ஏவுகணை எப்படி வேலை செய்யும், கம்ப்யூட்டர் அதற்கு என்ன செய்யும் என்று சுஜாதாவுக்குத் தெரிந்துகொள்ள ஆசை. நமக்கும் அந்த ஆசையை ஒட்டவைத்தார். குமுதத்தில் அவர் எழுதிய தொடர்கதையாகவும் 'விக்ரம்' வந்தது; படம் பார்க்காதவர்கள்கூட அதைப் படித்தார்கள். 2022 விக்ரமின் கையில் இருப்பது அறிவு இல்லை, ஆயுதம். கடைசிச் சண்டையில் பீரங்கி அளவுக்குப் பெரிய துப்பாக்கியை இழுத்துவைத்துச் சுடுகிறார். கிரீஷ் கங்காதரன் ஒளிப்பதிவும் அனிருத் பின்னணியும் அன்பறிவ் சண்டைப் பயிற்சியும் சேர்ந்து அந்த நேரத்தில் யோசிக்க விடாது. வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தால், 36 வருஷம் தலைமறைவாக இருந்து தப்பித்த மூளைக்காரர் கடைசியில் செய்தது இருப்பதிலேயே பெரிய குழாயை எடுத்ததுதான். தன்னுடையது வெறும் பழிவாங்கல் இல்லை, போதை இல்லாத சமூகத்துக்காகத்தான் என்று அவர் வாயால் சொல்கிறார். ஆனால் மகனை இழந்த அப்பாவின் கதையாகத்தான் படம் மனதில் நிற்கிறது. அதில் தப்பில்லை, கமல் அதை அருமையாகச் செய்திருக்கிறார். அந்த இதயநோயுள்ள பேரக்குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிற்கிற காட்சிகள், சுற்றி நடக்கிற அத்தனை வெடிச் சத்தத்தைவிடக் கனமானவை. ஆனால் போதைப்பொருள் எங்கிருந்து வருகிறது, யார் வாங்குகிறார்கள், ஒரு ஊருக்குள் எப்படி இறங்குகிறது என்பதில் படத்துக்குச் சுத்தமாக ஆர்வம் இல்லை. இரண்டு கன்டெய்னர் இருக்கிறது, அதை அழித்தால் சரி. சுஜாதா எழுதியிருந்தால் அந்த ரசாயனத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார், நாம் அதைப் படித்துவிட்டு கெமிஸ்ட்ரி வாத்தியாரைத் தொந்தரவு செய்திருப்போம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பெண்கள் விஷயத்தில் இந்தப் படம் ஒரே ஒரு இடத்தில் தன்னைத் தானே மீறிக்கொள்கிறது. ஏஜென்ட் டீனா. முக்கால்வாசிப் படம் வரை அந்த வீட்டில் வேலைக்காரம்மாவாக மட்டும் தெரிகிறவர், அடியாட்கள் உள்ளே வந்தவுடன் யார் என்று தெரிகிறது. கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தையே சமாளிக்கிறார். நடித்த வசந்தி பல வருஷங்கள் சினிமா நடனக் குழுக்களில் வேலை பார்த்தவர், நடன உதவியாளராக இருந்தவர். எத்தனையோ பாட்டுகளில் யாரோ ஒரு ஹீரோவுக்குப் பின்வரிசையில் நாம் பார்த்தும் பார்க்காமல் விட்ட முகம். அந்தக் காட்சி வேலை செய்வதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டு வேலை செய்கிற பெண்ணை யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் டீனாவின் மாறுவேஷம், நாமும் கவனிக்கவில்லை. நான் பார்த்த தியேட்டரில் கமலுக்கு விழுந்ததற்குக் குறையாத கைதட்டல் அங்கே விழுந்தது. அடுத்த சில நிமிஷத்தில் அவரையும் கொன்றுவிடுகிறார்கள், அது வேறு விஷயம்.

'கைதி'யின் இரண்டாம் பாகம், ரோலெக்ஸுக்கு ஒரு தனிப் படம் என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. பழைய ஆட்களைத் தோண்டி எடுக்கிற வேலை இன்னும் முடியவில்லை என்றால், லோகேஷுக்கு ஒரு தகவல். பழைய படத்தில் ப்ரீத்தி சாகவில்லை. புதிய படத்தில் அவள் பெயரே வரவில்லை, அதனால் இதிலும் சாகவில்லை. கணக்குப் போட்டால் இப்போது அறுபது வயது இருக்கும். ஏதாவது ஒரு ஊரில் சர்வர் ரூம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.